குழலை மாற்றுவதற்கு முன்

கண்ணு,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதற்கு டவர் காரணமில்லை. நான்தான் வைத்துவிட்டேன். மறுபடியும் நீ கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா போய் வருஷம் திரும்பப் போகிறது. அவர் நினைவாக அவருடைய ரைபிளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகன் ஆசைப்படுவதில் கோபப்பட என்ன இருக்கிறது? "பேரல் உள்ள துருவேறிக் கெடந்தா என்னம்மா, போர் பண்ணிக் கடைஞ்சு கொஞ்சம் பெருசாக்கிக்கலாம். இல்லேன்னா பேரலையே கழட்டிட்டுப் புதுசு போட்டுரலாம். எஞ்சினுக்குப் பண்றதுதான்" என்று சொன்னாய். ஓசூரில் நாளெல்லாம் இரும்பைக் கடைந்துகொண்டிருப்பவன் பேசுகிற பேச்சு அது. அந்த இரண்டு வழிகளையும் நீ பத்தாவது படித்த வருஷம் திருச்சியில் ஒரு துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்து நானும் உன் அப்பாவும் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு அங்கே நடந்ததைச் சொல்லாமல் உனக்கு நான் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. போனில் சொன்னால் நடுவில் உடைந்துவிடுவேன். எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காரலாம் பார்.

உன் மாமா எப்படிச் செத்தான் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது வெடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். அப்போது உனக்கு ஒன்பது வயது. அப்படிச் சொன்னது உன் தாத்தா, என் அப்பா. நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. துக்கம் முடிந்த கையோடு, "பையன் கொஞ்ச நாள் எங்ககிட்ட இருக்கட்டும்மா" என்று உன்னை அரியலூருக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். கொஞ்ச நாள் என்பது நீ பாலிடெக்னிக் சேருகிறவரைக்கும் நீண்டுவிட்டது. என்னை ஏன் அங்கேயே விட்டுவிட்டீர்கள் என்று நீ இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறாய். அங்கே நல்ல ஸ்கூல் என்று சொல்லி மழுப்பினேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் வேண்டும் என்று என் அப்பா நினைத்தார். அதைவிட, பூலாம்பாடியில் நீ வளர்ந்திருந்தால் தெருவில் எவனாவது ஒருவன் உன்னிடம் வேறு கதை சொல்லியிருப்பான். அதை நீ யார் வாயிலிருந்தும் கேட்டுவிடக் கூடாது என்று பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். இப்போது நான் மட்டும்தான் மிச்சம். அதனால் என் வாயிலிருந்தே கேட்டுக்கொள்.

பெரம்பலூர் தனி மாவட்டமான அடுத்த வருஷம் அது. மார்கழி முடிகிற சமயம். நம் மலையடிவாரக் காட்டில் மக்காச்சோளம் முற்றி நின்றது. அதற்கு முந்தின வருஷம் பச்சைமலையிலிருந்து இறங்கிய பன்றிக் கூட்டம் காட்டில் பாதியை உருட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. உன் அப்பாவிடம் இருந்த ரைபிள் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த உன் அப்பாவழித் தாத்தா வாங்கியது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ். பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. சத்தத்துக்கே ஓடிவிடும். அந்தத் துப்பாக்கிக்கு அவ்வளவுதான் வேலை. உன் மாமா கலியபெருமாள், எனக்கு நேர் இளையவன், பொங்கல் சீர் கொண்டுவந்திருந்தான். கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டேன் என்ற கண்டக்டரிடம் சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்த கதையை அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தான். உன் அப்பாவை மாமா மாமா என்று சுற்றிச் சுற்றி வருவான். தை பிறந்ததும் அவனுக்குப் பெண் பார்க்கிறதாக இருந்தது. உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் வந்தான். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

மறுநாள் விடியும் நேரத்தில் இரண்டு பேரும் காட்டுக்குப் போனார்கள். நல்ல பனி. எதிரே நிற்கிற மாடு தெரியாது. மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று தகரத்தைத் தட்டு என்று அப்பா அவனிடம் சொல்லிவிட்டு, தான் மேற்கு வரப்பில் போய் நின்றார். வீட்டில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தகரச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் நின்றது. அப்புறம் ஒரு வெடி. பன்றி ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாலை இறக்கினேன். பிறகு வரப்பில் யாரோ ஓடி வருகிற சத்தம். உன் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போகும் வழியெல்லாம் வேனில் அவன் கை என் கைக்குள்தான் இருந்தது. சூடு குறைந்துகொண்டே வந்ததை நான் சொல்லப் போவதில்லை.

வரப்பில் கால் வழுக்கி விழுந்தபோது துப்பாக்கி வெடித்துவிட்டது என்று அப்பா போலீசில் சொன்னார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். கேஸ் நடந்தது. வாய்தா வாய்தாவாகப் பெரம்பலூர் கோர்ட்டுக்கு அவர் போய் வந்தார். கடைசியில் என் அப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருமகன் மேல் உங்களுக்குச் சந்தேகம் உண்டா என்று வக்கீல் கேட்டார். காலையில் பெய்த பனியில் வரப்பு வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்றார் என் அப்பா. பிறகு யாரும் கேட்காமல் அவராக ஒன்று சொன்னார். "எம் மவன் போயிட்டான். மருமவனையும் நீங்க கொண்டு போயிட்டா எம் பொண்ணு எங்கங்க போவா?" என்றார். கொஞ்ச நாளில் விடுதலை ஆகிவிட்டது. உன் அப்பா வெளியே வந்து என் அப்பாவின் காலில் விழப் போனார். அவர் விலகிக்கொண்டு, நேரமாச்சு, அரியலூர் பஸ் போய்விடும் என்று நடந்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை எப்படி எழுதுவது? சண்டை இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மக்காச்சோளத்தை விட்டுவிட்டுப் பருத்தி போட்டார். பருத்தியைப் பன்றி தொடாது என்று ஊருக்குச் சொன்னார். ஆள் உயரப் பயிருக்குள் அவரால் காலை வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பனி விழுகிற காலைகளில் காட்டுக்குள் இறங்கும் முன் வரப்பிலேயே நின்று, "யாரு உள்ள? யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூப்பிடுவார். பதில் வராது. மறுபடியும் கூப்பிடுவார். பருத்திச் செடி முட்டி உயரம்கூட வந்திருக்காது, எதிர் வரப்பு வரைக்கும் வெறிச்சென்று தெரியும், அப்போதும் கூப்பிடுவார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் முதலில் பதில் சொன்னார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நான் சோறு கொண்டுபோகும்போது தூரத்திலிருந்தே வளையல் குலுங்கக் கையை வீசிக்கொண்டு நடப்பேன், வருவது நான்தான் என்று தெரியட்டும் என்று. எனக்கும் ஒன்று உண்டு. பால் பொங்குகிற நேரத்தில் எங்கேயோ தகரம் தட்டுகிற சத்தம் கேட்கும். நின்றுவிடும். அது நின்ற பிறகு நான் பாலை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். நீ லீவுக்கு வந்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் எதற்கு இப்படி ஊமையாக இருக்கிறோம் என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

கேஸ் முடிந்ததும் கோர்ட்டில் இருந்த ரைபிளைத் திருப்பித் தந்தார்கள். அதை ஏன் போய் வாங்க வேண்டும் என்று உறவில் எல்லோரும் கேட்டார்கள். வாங்காமல் விட்டால் எவன் கைக்காவது போகும், அதனால் இன்னொரு உயிர் போகக் கூடாது என்றார் உன் அப்பா. வருஷக்கணக்காகத் துடைக்காமல் கிடந்ததில் குழலுக்குள் துருவேறியிருந்தது. பீரோவின் மேல் ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்தார். அந்த அறையில் நான் படுப்பதை விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் அவராகவே, திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சரி செய்யலாம், நீயும் வா என்றார். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கடைக்காரரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். உன் அப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கும். குழலுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ரைபிள் குழலுக்குள் திருகு திருகாக வரிகள் ஓட வேண்டுமாம். அதுதான் குண்டைச் சுழற்றி நேராக அனுப்புமாம். அதையெல்லாம் துரு தின்றுவிட்டது என்றார். இரண்டு வழி சொன்னார். அரித்துப்போன உட்புறத்தைக் கடைந்து எடுத்துவிட்டால் துளை பெரிதாகும், அதில் புதிதாக வரி வெட்டலாம். அதே குழல், அதே நம்பர். ஆனால் பெரிய தோட்டாதான் சேரும், லைசென்ஸில் அளவை மாற்ற அனுமதி வாங்க வேண்டும், இங்கே செய்ய ஆளில்லை, வடக்கே அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைந்த அளவுக்குக் குழலின் கனம் குறைந்துவிடும், பெரிய தோட்டாவின் வேகத்தை அது எத்தனை நாள் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இல்லாவிட்டால் குழலைக் கழற்றிவிட்டுப் புதியது போடலாம். அதற்கும் அனுமதி வேண்டும், ஆனால் பயமில்லை. தன்னைக் கேட்டால் புதியதுதான் என்றார். நீ போனில் சொன்னதும் இதைத்தான் இல்லையா?

அப்பா புதியது வேண்டாம் என்றார். கடைந்துதான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆபத்து என்று சொல்கிறேனே, பழைய குழலில் அப்படி என்ன இருக்கிறது என்று பாய் கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல், மேசைமேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்துச் சொன்னார்.

"இதுலதான் பாய் எம் மச்சான சுட்டேன்."

அத்தனை வருஷமும் போலீசிலும் கோர்ட்டிலும் வீட்டிலும் அவர் சொன்னது, வெடிச்சுருச்சு, பட்டுருச்சு என்பதுதான். சுட்டேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அப்பா நிறுத்தவில்லை. கால் வழுக்கவில்லை என்றார். எப்போதும் மேலே பார்த்துச் சுடுகிறவர், முந்தின வருஷ நஷ்டத்தின் ஆத்திரத்தில், இந்த முறை ஒன்றையாவது சாய்த்துவிட வேண்டும் என்று குழலைக் கீழே இறக்கினாராம். பனிக்குள் சோளத்தட்டை அசைந்ததாம். அசைந்த இடத்தைக் குறி பார்த்துச் சுட்டாராம். தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன், பன்றியைத் தன் கையால் விரட்டிவிட வேண்டும் என்று உள்ளே இறங்கி வந்திருக்கிறான். "குண்டு போன வழி மட்டும் போயிடணும் பாய். உள்ள வழிச்சு எடுத்துருங்க. மத்தது அப்படியே எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். பாய் தன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். துப்பாக்கி இப்போதைக்குத் தன் கடையிலேயே இருக்கட்டும், கடைகளில் பாதுகாப்பில் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு, அவசரப்பட்டு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மட்டும் அப்பா தலையாட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றுகொண்டு வந்தார். பெரம்பலூரில் இறங்கியதும் பூலாம்பாடி பஸ் நின்றிருந்தது. நான் அதில் ஏறவில்லை. அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, பையை என்னிடம் கொடுத்தார். அந்த முறை நான் உன் தாத்தா வீட்டில் வந்து தங்கியதை நீ மறந்திருக்க மாட்டாய். பரிட்சை நேரத்தில் உனக்குச் சமைத்துப் போடத்தான் அம்மா வந்திருக்கிறாள் என்று நீ கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொன்னாய். உனக்குத் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டே, இனி அந்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடும்போது உன் பிடரி அச்சாக அப்பாவின் பிடரி. பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நீ ஸ்கூலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் என் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரி போய்க் கிளம்பிய தூசி வாசலில் அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியும்மா. ஆஸ்பத்திரியிலயே ஒம் புருசன் எங்கிட்ட சொல்லிட்டான்" என்றார். தெரிந்துமா கூண்டில் ஏறி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். உன் ஸ்கூல் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் அதை எடுத்து, மடித்து, என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

உன் பரிட்சை முடிந்த அன்றைக்கு நான் பூலாம்பாடிக்குத் திரும்பினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை பேசவில்லை. வீட்டுக்குள் போனதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் அப்பாவிடம் அன்றைக்கே சொன்னவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. "அவருகிட்ட சொன்னா அடிப்பாருன்னு சொன்னேன். ஒங்கிட்ட சொன்னா அழுவ" என்றார். அடித்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அன்றைக்கு அவர்தான் உலை வைத்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பல வருஷத்துக்குப் பிறகு அது. அதற்குப் பிறகு கொஞ்சம் பேச ஆரம்பித்தோம் கண்ணு. கலியபெருமாள் பேரை வாய்விட்டுச் சொல்லவும் ஆரம்பித்தோம். பொய்யான ஒரு சொல்லை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு வீட்டில் இருப்பதைவிட, உண்மையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளிடம் நீ செய்ததைச் செய்தேன் என்றே சொல். ஆயிடுச்சு என்று சொல்லாதே. அழுதால் அழட்டும்.

ஆனாலும் அவர் பனியில் நின்று கூப்பிடுவதை விடவில்லை. போன வருஷம் ஐப்பசியில் நெஞ்சு வலித்து அவர் விழுந்ததும் அந்த வரப்பில்தான். இப்போது பருத்தி எடுக்க ஆட்களோடு நான் போகிறேன். இறங்கும் முன் எனக்கும் வாயில் அந்த வார்த்தை வந்துவிடுகிறது. யாரு உள்ள என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்கிறேன். கூட வருகிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

போன வாரம் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நான் திருச்சிக்குப் போனதை உன்னிடம் சொன்னேன். வாரிசு பேருக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்று பாய் சொன்னதையும் சொன்னேன். அங்கே அவர் சொன்ன இன்னொன்றைச் சொல்லவில்லை. உன் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. துப்பாக்கியை எடுத்து வெளியே வைக்கச் சொல்வாராம். தொட மாட்டாராம். சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுவாராம். கடைசியாகப் போன வருஷம் ஆடியில் போயிருக்கிறார்.

"வந்தவரு, கடையறதெல்லாம் வேணாம் பாய், பேரல மாத்திருவோம்ன்னாரும்மா" என்றார் பாய். "பழசு என்ன ஆகும்னு கேட்டாரு. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு அவங்க ஆளு முன்னால துண்டு துண்டா அறுத்துடுவோம்னு சொன்னேன். அப்படி அறுக்கறப்ப எஞ் சம்சாரத்தக் கூப்பிடணும் பாய், அவ தம்பி போனது அதுலதான், அவ கண்ணால பாக்கணும்ன்னாரு. சரின்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவரு வரலம்மா."

நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அறுக்க நாள் கேட்டு எழுதட்டுமா என்றார். என் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வந்து உன்னிடம் பாதியைச் சொன்னேன். நீ சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிட்டாய்.

பழைய குழல் போன பிறகு புதியது போட்டு உன் பேரில் வைத்துக்கொள்வதா, அப்படியே ஒப்படைத்துவிடுவதா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். ஒப்படைத்துவிடு என்பது என் ஆசை. வற்புறுத்த மாட்டேன். கடைந்து பெரிதாக்குவது மட்டும் வேண்டாம். உன் அப்பா அதைத்தான் முதலில் கேட்டார், கடைசியில் அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். எழுதிப் போடச் சொல்லி நாளை பாயிடம் போனில் சொல்லிவிடப் போகிறேன். நாள் தெரிந்ததும் உனக்குச் சொல்கிறேன், லீவு போட்டுக்கொண்டு வந்துவிடு. அவர் என்னைப் பார்க்கச் சொன்னார், நான் பார்க்கத்தான் போகிறேன். ஆனால் அந்த இரும்பு அறுபடுகிற சத்தத்தைத் தனியாக நின்று கேட்க என்னால் ஆகாது. நீ ஒன்றும் பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

உன் அம்மா